சாரதியில்லா வண்டியும் வீதிச் சட்டமும்

திருவாரூரிலே சோழ மன்னனின் மைந்தன் தேரேறி வீதிவழியே சென்றபோது, இளங்கன்று ஒன்று துள்ளி வந்து தேர்க்காலில் அகப்பட்டு மடிந்த கதையைத் தமிழ் மக்கள் நன்கு அறிவர். அநுராதபுரத்திலிருந்து அரசாண்ட எல்லாளனுக்கும் இத்தகைய நிகழ்ச்சி ஒன்றை மகாவம்சம் கூறுகின்றது. தாய்ப்பசு அரண்மனை வாயிலை அடைந்து ஆராய்ச்சி மணியை அசைத்தது. மன்னன் ஓசை கேட்டு வெளியே வந்தான். கழுவாய் செய்தாற் போதும் என்று அமைச்சர் எடுத்துரைத்தும் அவன் உடன்படவில்லை. தன் மைந்தனின் பழியைத் தன் பழியாகவே ஏற்றுக்கொண்டான்.

அன்று விதிக்கப்பட்ட தண்டனை இக்காலத்து நீதிக்கு ஒவ்வாது. ஆயினும் பொது வீதியைப் பற்றிய அடிப்படை நீதியொன்று அக்கதையிற் பொதிந்து கிடக்கின்றது. வீதியில் ஓடும் வண்டியால் ஓருயிருக்கு ஊறு நேர்ந்தால், ஊறுபட்டோர் அசைப்பதற்கு ஒரு மணி இருத்தல் வேண்டும். அதன் ஓசைக்கு விடை சொல்ல ஒருவர் இருத்தல் வேண்டும். தேருக்கு இளவரசன் இருந்தான். மாட்டு வண்டிக்கு வண்டிக்காரன் இருந்தான். மோட்டார் வண்டிக்குச் சாரதி இருக்கின்றான். சாரதியே இல்லாத வண்டி வீதிக்கு வந்தால், மணியோசை கேட்டு வெளியே வருபவர் யாவர்? இவ்வினாவே பல நாட்டுப் பாராளுமன்றங்களையும் நீதிமன்றங்களையும் இந்நூற்றாண்டிலே ஆழ்ந்த சிந்தனைக்கு உள்ளாக்கியுள்ளது.

இது கற்பனை வினாவன்று. கமராக்களும், ரேடார் கருவியும், ஒளிக்கதிரைப் பாய்ச்சித் தூரத்தை அளக்கும் கருவியும் சுற்றுப்புறத்தை நோக்க, அவை தரும் செய்திகளைக் கணினி ஆராய்ந்து, சுக்கானையும் பிரேக்கையும் தானே இயக்கும் வண்டிகள் உருவாகிவிட்டன. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பீனிக்ஸ், சான் பிரான்சிஸ்கோ ஆகிய நகரங்களிலும், சீனாவின் வூகான் நகரிலும், சாரதியின் ஆசனத்தில் எவரும் இல்லாத வாடகை வண்டிகள் கட்டணம் பெற்றுப் பிரயாணிகளை ஏற்றிச் சென்றுள்ளன.

புதிய வண்டியைக் கண்டு சட்டம் திகைப்பது இது முதன்முறையன்று. 1865 ஆம் ஆண்டில், நீராவியால் இயங்கும் வண்டிகள் இங்கிலாந்தின் வீதிகளில் ஓடியபோது, பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமொன்றை இயற்றிற்று. ஒவ்வொரு வண்டிக்கும் குறைந்தது மூன்று ஆட்கள் வேண்டும். அவருள் ஒருவர் சிவப்புக் கொடி பிடித்து வண்டிக்கு 60 யார் முன்னே நடந்து செல்லவேண்டும். நாட்டுப்புறத்தில் மணிக்கு 4 மைலுக்கும், நகரத்தில் மணிக்கு 2 மைலுக்கும் மேற்பட்ட வேகம் ஆகாது என்பன அதன் விதிகள். நடந்து செல்பவனின் வேகத்துக்கு மேல் வண்டி ஓடலாகாது என்பதே அதன் பொருள். 1878 இல் கொடி கட்டாயமன்று என்றாயிற்று. 1896 இல் இலேசான மோட்டார் வண்டிகளுக்கு முன்னால் ஆள் நடக்கவேண்டிய கட்டாயமும் நீங்கிற்று; மணிக்கு 14 மைல் வரை ஓடச் சட்டம் இடமளித்தது.

அதே 1896 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், இலண்டன் மாநகரின் பளிங்கு மாளிகைத் திடலில், மோட்டார் வண்டியொன்று மோதி ஒரு பெண் உயிரிழந்தாள். பெற்றோல் மோட்டார் வண்டியாற் பிரித்தானியாவில் உயிரிழந்த முதற் பாதசாரி அவளே. மரண விசாரணையில் இது தற்செயலான மரணம் என்று தீர்ப்பாயிற்று. எவர்மீதும் வழக்குத் தொடரப்படவில்லை. அதற்குப் பின்னரே சாரதிக்கு அனுமதிப்பத்திரம், பரீட்சை, கட்டாயக் காப்புறுதி என்பன ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கொடி பிடித்தவன் போனான். அவனுக்குப் பதிலாகப் பொறுப்புள்ள சாரதி வந்தான் எனலாம்.

இருபதாம் நூற்றாண்டின் வீதிச் சட்டம் முழுவதும் அச்சாரதியைச் சுற்றியே எழுந்தது. 1968 ஆம் ஆண்டு வியன்னாவில் நிறைவேறிய வீதிப் போக்குவரத்து உடன்படிக்கையின் எட்டாம் உறுப்புரை, ஓடும் வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சாரதி இருத்தல் வேண்டும் என்று விதித்தது. இலங்கையின் 1951 ஆம் ஆண்டு 14 ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் சாரதியை ஓர் ஆளாகவே எண்ணி, அவனுக்கு அனுமதிப்பத்திரத்தை விதித்தது. வேகம் மிகுந்தாலும், மது அருந்தி ஓட்டினாலும், கவனமின்றி ஓட்டினாலும், சட்டத்தின் கை சென்று பற்றுவது சாரதியின் தோளையே. அந்தத் தோள் இல்லாவிடின் அக்கை வெறுங்காற்றையே பற்றும். பின்னாளில், 2016 இலும் 2022 இலும் நடைமுறைக்கு வந்த திருத்தங்கள், தன்னியக்க வண்டிகளுக்கு வியன்னா உடன்படிக்கையிற் படிப்படியாக இடமளித்தன.

சட்டத்தை விளங்கிக்கொள்ள, வண்டிகளின் படிநிலையை முதலில் அறிதல் நன்று. அமெரிக்க மோட்டார்ப் பொறியியலாளர் சங்கம் 2014 இல் வெளியிட்ட அட்டவணை, பூச்சியம் முதல் ஐந்து வரை ஆறு படிகளைக் கூறுகின்றது. இரண்டாம் படியில் உள்ள வண்டி வேகத்தைத் தானே கூட்டும், குறைக்கும், சுக்கானையும் திருப்பும். ஆனால் மனிதன் ஒவ்வொரு கணமும் வீதியை நோக்கியிருத்தல் வேண்டும். மூன்றாம் படியில் மனிதன் பார்வையை வேறுபக்கம் திருப்பலாம். வண்டி அழைத்தால் உடனே பொறுப்பை ஏற்றல் வேண்டும். நான்காம் படியில், குறிக்கப்பட்ட எல்லைக்குள் வண்டி மனித உதவியை நாடாது. ஐந்தாம் படி எங்கும் எப்பொழுதும் தானே ஓடும் வண்டி. அதற்கு இந்த எல்லையும் இல்லை.

இரண்டாம் படிக்கும் மூன்றாம் படிக்கும் இடையிலேதான் சட்டத்தின் முக்கிய எல்லைக்கோடு கிடக்கின்றது. கோட்டின் இப்பக்கத்தில் மனிதன் சாரதி. அப்பக்கத்தில், இயக்கம் நடைபெறும்வரை, இயந்திரமே சாரதி. கோடு எங்கே என்பது மக்களுக்குத் தெளிவாகத் தெரியாவிடில் விளையும் கேடு யாது என்பதை அரிசோனா மாநிலத்தின் டெம்பி நகரில் நடந்த துயரம் உணர்த்துகின்றது.

2018 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 18 ஆம் திகதி இரவு, துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு அகன்ற வீதியொன்றைக் கடந்த 49 வயதுப் பெண்மீது, ஊபர் கம்பனி பரிசோதனையாக ஓட்டிய வண்டியொன்று மணிக்கு ஏறக்குறைய 40 மைல் வேகத்தில் மோதியது. அவள் உயிரிழந்தாள். தானே ஓடும் வண்டியால் உயிரிழந்த முதற் பாதசாரி அவளே. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணையிற் பல உண்மைகள் வெளிவந்தன. வண்டியின் கருவிகள் அவளை 5.6 விநாடிக்கு முன்னரே கண்டன. ஆனால் கணினி அவளை ஒருமுறை இன்னதென்று அறியாத பொருளாகவும், ஒருமுறை மோட்டார் வண்டியாகவும், ஒருமுறை துவிச்சக்கர வண்டியாகவும் மாற்றி மாற்றி எண்ணியது. கடவையல்லாத இடத்திலும் மனிதர் வீதியைக் கடப்பர் என்ற எளிய உண்மையை அதற்கு எவரும் கற்பிக்கவில்லை. வண்டியை ஆக்கியோர் பொருத்திய அவசரப் பிரேக் முறையும் பரிசோதனையின்போது செயலற்றதாக்கப்பட்டிருந்தது.

வண்டியினுள் ஒரு பெண் கண்காணிப்பாளராக அமர்ந்திருந்தார். வீதியை நோக்கியிருப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. அவரோ கைத்தொலைபேசியில் நிகழ்ச்சியொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய கவனமின்மையே விபத்துக்கு முதற்காரணம் என்று சபை 2019 நவம்பரில் முடிவு செய்தது. அத்துடன், ஆபத்தை முன்கூட்டியே மதிப்பிடாமையும், கண்காணிப்பாளரைக் கண்காணியாமையும் கம்பனியின் குறைகள் என்றும், மாநில அரசின் மேற்பார்வை போதாது என்றும் அது எடுத்துக்காட்டிற்று. மணிக்கணக்காகத் தானே நன்றாக ஓடும் வண்டியில் ஒருவரை இருத்தி, ஒன்றும் செய்யாமல் விழித்திரு என்று பணித்தால், மனித மனம் சோர்வது இயல்பு. அச்சோர்வுக்கு எதிரான ஏற்பாடு எதுவும் செய்யப்படவில்லை.

முடிவில் நடந்தது யாது? கம்பனிமீது குற்றவியல் வழக்குத் தொடர ஆதாரமில்லை என்று வழக்குத் தொடுநர் 2019 இல் அறிவித்தார். கண்காணிப்பாளர்மீது 2020 இற் குற்றஞ்சாட்டப்பட்டது. 2023 இல் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தை மேற்பார்வைக்கு உள்ளானார். அவர் தவறிழைக்கவில்லை என்று எவரும் கூறார். ஆயினும், பலர் கூடிச் செய்த பிழைக்குக் குற்றவாளிக் கூண்டில் நின்றவர், மணிக்கணக்கிற் கூலி பெற்ற ஒருவரே. இருக்கையில் அமர்ந்தவரை மட்டுமே காணப் பழகிய சட்டத்துக்கு, தொலைவிலிருந்து வண்டியை வடிவமைத்தோர் கண்ணிற் படவில்லை.

இக்குறையை நீக்க முற்பட்ட நாடுகளுள் ஜேர்மனி முன்னின்றது. 2017 ஆம் ஆண்டில் அந்நாடு தன் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தைத் திருத்தி, மூன்றாம் படி வண்டிகளுக்கு இடமளித்தது. வண்டியை எந்நேரத்தில் மனிதன் ஓட்டினான், எந்நேரத்தில் இயந்திரம் ஓட்டியது என்பதை வண்டியே பதிவுசெய்து வைத்தல் வேண்டும் என்பது அதன் சிறந்த விதிகளுள் ஒன்று. அதே ஆண்டில் அரசு நியமித்த அறநெறிக் குழுவும் தன் அறிக்கையை அளித்தது. உடைமையினும் விலங்கினும் மனித உயிரே முதலிற் காக்கப்படவேண்டும் என்றும், தவிர்க்கவொண்ணாத விபத்திலே, வயது, பால், உடல்நிலை, மனநிலை ஆகியவற்றைக் கொண்டு இன்னார் வாழ்க, இன்னார் வீழ்க என்று கணினி தெரிவு செய்தல் கூடாது என்றும் அக்குழு உரைத்தது.

2021 யூலையில் ஜேர்மனி மேலும் ஒரு படி சென்றது. குறித்த வீதிகளிலும் பகுதிகளிலும், உள்ளே சாரதியில்லாத வண்டிகள் ஓடுவதற்குச் சட்டம் வழிவகுத்தது. ஆனால் அத்தகைய வண்டிக்குத் தொழில்நுட்ப மேற்பார்வையாளர் ஒருவர் இருந்தே தீரவேண்டும். அவர் கம்பனியன்று, கணினியன்று, இரத்தமும் சதையுமுள்ள ஒரு மனிதராக இருத்தல் வேண்டும் என்று விதித்தது. வேண்டியபோது வண்டியின் இயக்கத்தை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு உண்டு. வண்டியின் உடைமையாளரோ, தம்மிடம் தவறு இருப்பினும் இல்லாவிடினும், வண்டியால் விளைந்த ஊறுக்கு நட்டஈடு கொடுத்தற்குக் கடமைப்பட்டவர் என்ற பழைய விதி அப்படியே நிலைபெற்றது.

பிரித்தானியா இவ்வினாவை வேறு வழியாக அணுகிற்று. முதலில், 2018 ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஊறுபட்டவரின் துயரைத் தீர்க்கும் வழியைத் தேடிற்று. வண்டி தானே ஓடிக்கொண்டிருக்கும்போது விபத்து நேர்ந்தால், காப்புறுதிக் கம்பனி முதலில் நட்டஈட்டைக் கொடுத்துவிடவேண்டும். பின்னர், பிழை வண்டியை ஆக்கியவரிடம் இருப்பின், அவரிடமிருந்து அத்தொகையை மீட்டுக்கொள்ளலாம். கணினியின் நிரலில் எந்த வரியிலே பிழை உண்டு என்பதை நிறுவும் பாரம், மருத்துவமனைக் கட்டிலிற் கிடப்பவரின் தலையிற் சுமத்தப்படாது என்பது இவ்விதியின் நற்பயன்.

அதன்பின், சட்ட ஆணைக்குழுக்கள் பல்லாண்டு ஆராய்ந்து 2022 ஜனவரியில் அறிக்கை அளித்தன. அதனைத் தழுவி, தன்னியக்க வண்டிகள் பற்றிய சட்டம் 2024 மே மாதம் 20 ஆம் திகதி அரச இசைவு பெற்றது. அச்சட்டம் வண்டிக்கு வைத்த அளவுகோல் கருதத்தக்கது. கவனமும் திறமையும் உள்ள மனிதச் சாரதியின் பாதுகாப்புக்குச் சமமான, அல்லது அதனினும் மேலான பாதுகாப்பை வண்டி அளிக்கவேண்டும் என்பதே அது. எல்லாச் சாரதிகளினதும் சராசரி அங்கே அளவுகோலாகவில்லை. ஏனெனில், குடித்து ஓட்டுபவனும், உறங்கி விழுபவனும் அந்தச் சராசரியுள் அடங்குவர்.

மேலும், அனுமதி பெறும் ஒவ்வொரு வண்டிக்கும் பின்னால், அதன் ஓட்டத்துக்குப் பொறுப்பேற்கும் நிறுவனமொன்று நிற்றல் வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது. அந்நிறுவனம் நற்பெயரும் போதிய பணவலியும் உடையதாதல் வேண்டும். வண்டியிலிருப்பவர், அது தானே ஓடும் வேளையில், ஓட்டும் முறையால் எழும் குற்றங்களுக்கு ஆளாகார். ஆனால் காப்புறுதி செய்தலும், வண்டியைப் பழுதின்றி வைத்திருத்தலும் அவருக்குரிய கடமைகளே. பொறுப்பை ஏற்கும்படி வண்டி அழைத்தால், ஏற்கத்தக்க நிலையில் அவர் இருத்தல் வேண்டும். மதுவருந்திவிட்டு இயந்திரத்தின்மேல் பழிபோடல் ஆகாது. தானே ஓடும் தகுதி பெறாத வண்டியை, அத்தகுதி உடையது போல மக்கள் மயங்குமாறு விளம்பரஞ் செய்தலும் குற்றமாக்கப்பட்டுள்ளது. இரண்டாம் படி வண்டியை நான்காம் படி வண்டி என்று நம்பி உறங்குபவனின் உயிரைக் காக்கும் விதி இது.

பொறுப்பு கைமாறும் அந்தச் சிறுபொழுதே மிக ஆபத்தானது. வேறெங்கோ மனத்தைச் செலுத்தியிருந்தவர் வீதியின் நிலையை உணர்தற்கு நேரம் வேண்டும். ஆதலால், ஐக்கிய நாடுகளின் ஆதரவில் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த 157 ஆம் இலக்கச் சர்வதேச ஒழுங்குவிதி, வண்டி அழைத்தபின் மனிதனுக்குக் குறைந்தது பத்து விநாடி அளித்தல் வேண்டும் என்றும், அவன் விடையளியாவிடில் வண்டி தானே ஆபத்துக் குறைந்த முறையில் நிற்றல் வேண்டும் என்றும் விதித்தது.

பொறுப்பேற்பவரை நியமித்தால் மட்டும் போதாது. அவர் உண்மை பேசுபவராகவும் இருத்தல் வேண்டும். இதற்குச் சான்று சான் பிரான்சிஸ்கோவில் நிகழ்ந்தது. 2023 ஒக்டோபர் 2 ஆம் திகதி, மனிதனொருவன் ஓட்டிய மோட்டார் வண்டி ஒரு பெண்மீது மோதி, அவளைக் குரூஸ் என்னும் கம்பனியின் சாரதியில்லா வண்டியின் முன்னே எறிந்தது. மோதியவன் நில்லாது ஓடிவிட்டான். சாரதியில்லா வண்டி பிரேக் போட்டு நின்றது. ஆனால், மோதல் பக்கவாட்டில் நேர்ந்தது எனத் தவறாக எண்ணி, வீதியோரம் ஒதுங்க முற்பட்டு, அடியில் அகப்பட்ட பெண்ணை ஏறக்குறைய 20 அடி தூரம் இழுத்துச் சென்றது. மனிதச் சாரதியாயின், வண்டியின் கீழ் ஒருவர் கிடப்பாரோ என்று இறங்கிப் பார்த்திருப்பான். விபத்தின் பின் எவ்வாறு நடத்தல் வேண்டும் என்பதையும் விதிகள் கூறவேண்டியதன் அவசியம் அன்று புலனாயிற்று.

அதனினும் கடுமையான குறை பின்னர் வெளிவந்தது. பெண் இழுத்துச் செல்லப்பட்ட செய்தியை அதிகாரிகளிடம் முழுமையாக வெளியிடத் தவறியமைக்காக அமெரிக்க மத்திய அரசின் வீதிப் பாதுகாப்பு நிருவாகம் அக்கம்பனிக்கு 2024 இல் 15 இலட்சம் டொலர் தண்டம் விதித்தது. பொய்யான அறிக்கை அளித்த குற்றத்துக்காக மேலும் 5 இலட்சம் டொலர் செலுத்த அது உடன்பட்டது. அதற்கு முன்னரே, விபத்து நிகழ்ந்த அம்மாதத்திலேயே, கலிபோர்ணியா மாநிலம் அதன் அனுமதியை இடைநிறுத்தியிருந்தது. பிரித்தானியாவின் 2024 ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்புப் பற்றிய செய்தியை மறைத்தலையும் திரித்தலையும் குற்றமாக்கி, கம்பனியின் உயர் நிருவாகிகளையும் அதற்குப் பொறுப்பாளராக்கியமை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது.

சிறு குற்றங்களிலும் இதே சிக்கல் உண்டு. சாரதியில்லா வண்டி வீதி விதியை மீறினால், பொலிஸ் உத்தியோகத்தர் குற்றச்சீட்டை யாருடைய கையிற் கொடுப்பார்? கலிபோர்ணியாவிற் குற்றச்சீட்டு மனிதச் சாரதிக்கென்றே அமைந்திருந்தது. எனவே, வண்டி விதி மீறியமையைப் பற்றிய அறிவித்தலைப் பொலிசார் கம்பனிக்கே அனுப்ப வகைசெய்யும் சட்டம் அங்கே 2024 இல் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வரும் நாளாக 2026 யூலை 1 குறிக்கப்பட்டது.

இவற்றைக் கேட்போர், இத்தகைய வண்டிகளே வேண்டா என்று எண்ணுதல் கூடும். அவ்வாறு முடிவுகட்டுதல் நேர்மையாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர் வீதி விபத்துக்களில் உயிரிழக்கின்றனர். அவ்வண்டிகளுள் ஏறக்குறைய எல்லாவற்றையும் ஓட்டியவர்கள் மனிதர்களே. இயந்திரம் மது அருந்தாது, கோபங்கொள்ளாது, நள்ளிரவில் கண்ணயராது. பார்வையற்றோரும் முதியோரும் பிறர் துணையின்றிப் பிரயாணஞ் செய்ய அது உதவக்கூடும். சிவப்புக் கொடி பிடித்து அதனை நடக்கச் செய்வது, 1865 ஆம் ஆண்டின் பிழையை மீண்டும் செய்வதாகும்.

கொடியை நீக்கும்போது அதனிடத்தில் எதனை வைப்பது என்பதே நாடுகள் விடைகாண வேண்டிய வினா. ஓடுவதற்கு முன் தக்க பரிசோதனை, ஓடும்போது அழியாத பதிவு, பின்னால் நிற்கும் பொறுப்பாளரின் பெயர், ஊறுபட்டோர்க்கு வழக்காடாமலே கிடைக்கும் நட்டஈடு, உண்மையை மறைப்போர்க்குத் தண்டனை ஆகிய ஐந்தும் அமைந்த சட்டமே நிறைவான சட்டமாகும். இவற்றுள் ஒன்று குறையினும், அக்குறையின் சுமையைத் தாங்குவோர் வண்டியை ஆக்கியோருமல்லர், அதில் ஏறியோருமல்லர். துவிச்சக்கர வண்டியைத் தள்ளிக்கொண்டு இரவிலே வீதியைக் கடப்போரே.

அவர்கள் எந்த அனுமதிப்பத்திரத்திலும் கையொப்பமிட்டவர்கள் அல்லர். எந்தப் பரிசோதனைக்கும் உடன்பட்டவர்களுமல்லர். பொது வீதி அவர்களுக்கும் உரியது. அவர்களுள் ஒருவருக்கு ஊறு நேரும் வேளையில், மணியின் கயிறு அவர் கைக்கு எட்டும் இடத்தில் தொங்குதல் வேண்டும். அதன் ஓசை கேட்டு, இது என் பொறுப்பு என்று ஒருவர் வெளியே வருதல் வேண்டும். அதற்கான ஒழுங்கை, வண்டி வீதிக்கு வருமுன்னரே செய்து வைப்பது சட்டமியற்றுவோரின் கடன்.